பேசிக்கிட்டே இருங்க, தம்பி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் ஜோக்குகள் சிஸ்டருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டன என்று ஒரு மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். நான் பேசப் பேச அவர் கண் என் வாயை விட்டு நகரவில்லை. அதற்கு முன்னால் என் வாயை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவரும் பிடுங்கி முடித்ததும் திரும்பிக்கொண்டார். சிஸ்டர் அரை மணி நேரம் பார்த்தார். நடுநடுவே, “அப்புறம்?” என்றார். ஒரு மனிதன் கெட்டுப்போக இது போதாதா?

சிஸ்டர் என்றால் எங்கள் கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸ். பூனா பக்கத்துச் சிஞ்ச்வட்டில் மோட்டார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தபோதே அவர் அந்த அறையில் பழைய ஆள். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. தமிழர்களுக்கு சிஸ்டர், மராத்திக்காரர்களுக்கு சிஸ்டர்பாயி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், வீடு விஷ்ராந்த்வாடியில், வீட்டுக்காரர் லோஹேகாவ் விமானப்படை நிலையத்தில் குமாஸ்தா. வெள்ளைப் புடவை, மார்பில் தலைகீழாகக் குத்திய சின்னக் கடிகாரம். சிரிப்பு என்பது சம்பளத்தில் சேர்த்தி இல்லை என்பது மாதிரி ஒரு முகம்.

நான் ஆற்காட்டுப் பக்கத்துப் பரம்பரை, ஆனால் பிறந்தது பூனாவின் கட்கியில். என் தமிழில் பாதி ஹிந்தி, பாதி மராத்தி, மிச்சம் இருந்தால் தமிழ். கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. அதாவது அடுத்தவன் கஷ்டப்பட்டுச் செய்ததை அளந்து பார்த்து, சரியில்லை என்று சொல்வது. சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், கையில் தடிமன் அளக்கிற வெர்னியர், மனசுக்குள் எப்போதும் ஒரு பயம். பயத்துக்குக் காரணம் எதுவும் இருந்ததில்லை. அதனால்தான் அது போகவும் இல்லை.

சேர்ந்த புதிதில் சைக்கிள் ஸ்டாண்டில் என் மணிக்கட்டில் ஒரு தேனீ கொட்டியது. அது கொட்டியது ஒரு நொடி. நான் கத்தியது அதைவிட நீளம். டர்னிங் செக்‌ஷன் பாட்டீல் ஓடிவந்தான். கொட்டின இடத்தில் இரும்பைத் தேய்த்தால் விஷம் இறங்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வீட்டில் என்றால் சாவியைத் தேடுவார்கள், ஆணியைத் தேடுவார்கள். கம்பெனியில் இரும்புக்கா பஞ்சம்? பாட்டீல் லேத்திலிருந்து அப்போதுதான் கழற்றின பல்சக்கரக் கட்டை ஒன்றைச் சூட்டோடு, சொட்டுகிற எண்ணெயோடு கொண்டுவந்து தேய்த்தான். இன்னொருவன் புகையிலை டப்பாவைத் திறந்து சுண்ணாம்பை அப்பினான். மூன்றாமவன் டிபன் பாக்ஸிலிருந்து வெங்காயம். என் மணிக்கட்டு பான் கடைப் பலகை மாதிரி ஆனபிறகு, “இப்ப எப்படி?” என்று பெருமையாகக் கேட்டார்கள். “உயிர் போகுது” என்றேன். “அப்ப விஷம் இறங்குது” என்றான் பாட்டீல்.

சிஸ்டர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு முதலில் துடைத்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

“கொடுக்கு இன்னும் உள்ளேயே நிக்கி. இம்புட்டு நேரமும் அது விஷத்த இறக்கிக்கிட்டுல்லா இருந்திருக்கும். இரும்பத் தேய்ச்ச நேரத்துல இதச் சுரண்டி எறிஞ்சிருக்கலாம்.”

என் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை அவரே உருவினார். அதன் விளிம்பால் ஒரு சுரண்டு. கறுப்பாக ஒரு முடி மாதிரி வந்து விழுந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு அவமானமாக இருந்தது.

“நான் போகட்டா சிஸ்டர்?”

“உக்காருங்க. அரை மணி நேரம் இங்கன இருக்கணும்.”

“ஏன், செத்துடுவேனா?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “தெரியாது. பேசிக்கிட்டே இருங்க, தம்பி.”

நர்ஸ் என்றால் ஒன்றும் ஆகாது என்று சொல்வார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரியாது என்று சொல்கிற நர்ஸை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்றார்.

போஹா, அதாவது அவல் உப்புமா, சாப்பிட்டேன் என்றேன். அதில் நிலக்கடலை போட்டிருந்ததா என்பதிலிருந்து என் மாமனார் கதைக்குப் போனேன். ஆற்காட்டிலிருந்து எங்களைப் பார்க்க வந்த மாமனார், பூனா ஸ்டேஷனில் லோக்கல் ஏறி, கட்கியில் இறங்காமல் தூங்கி, நேராகக் கடைசி ஸ்டேஷனான லோனாவ்லா மலைக்குப் போய்விட்டார். அங்கே மலையைப் பார்த்து, பனியைப் பார்த்து, பெட்டிக்கடையில் சிக்கி என்கிற கடலைமிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, திரும்பி வந்து, “மாப்பிள்ளை, உங்க கட்கி நல்ல குளுகுளுன்னு இருக்கு, ஆனா உங்க வீடு மட்டும் ஏன் இவ்ளோ தூரம்?” என்று கேட்டார். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. சிஸ்டர் சிரிக்கவில்லை. என் உதட்டைப் பார்த்தபடி, “அப்புறம்?” என்றார்.

அப்புறம் ஒரு மாதம் நான் அந்த அறைக்குப் போகக் காரணம் தேடினேன். கொசு கடித்தது. எறும்பு கடித்தது. ஒருநாள் எதுவும் கடிக்காமலே போனேன். கல்யாணமானவன்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேட்கிற ஆள் கிடைத்துவிட்டால் பேசுகிறவன் எங்கேதான் நிற்பான்?

என் மயக்கத்தைத் தெளியவைத்தவர் கேட் காவலாளி. அவர் நேபாளத்துக்காரர். குளவி கொட்டி முதலுதவி அறையில் உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் நேபாளியில் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவர் உதட்டைப் பார்த்தபடி, அதே முகத்தோடு, அதே “அப்புறம்?”ஐ ஹிந்தியில், “ஃபிர்?” என்றார். சிஸ்டருக்கு நேபாளியில் ஒரு சொல்கூடத் தெரியாது.

காவலாளி போனதும் உள்ளே போய்க் கேட்டேன். “இன்னா சிஸ்டர், அவர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“என்னத்துக்குப் புரியணும்? நான் குரலக் கேட்டேன். தொண்டை வீங்க ஆரம்பிச்சா மொதல்ல குரலு கட்டும், கரகரங்கும். உதடு தடிக்கும். சிலருக்கு நாக்கு பெரண்டு வராது. பேசவிட்டாத்தான் தெரியும்.”

“அப்ப என் மாமனார் லோனாவ்லா போனது?”

“யாரு போனது?” என்றார் சிஸ்டர்.

அவர் ஆட்களின் பேச்சைக் கேட்பதில்லை, பேச்சு வருகிற வழியைத்தான் கேட்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தபிறகும் அந்த அறைக்குப் போவதை நான் விடவில்லை. பயம் இருக்கிறதே.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு தேனீ, இந்த முறை புறங்கையில். கொடுக்கை நானே ஸ்கேலால் சுரண்டி எறிந்தேன். சிஸ்டர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கை பாவ் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. முழங்கையைப் பார்த்து வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்‌ஷன்காரன் என்ன செய்வான்? வெர்னியரை எடுத்தேன். அரை மணிக்கு ஒருதரம் மணிக்கட்டின் தடிமனை அளந்து, இன்ஸ்பெக்‌ஷன் தாளில் எழுதினேன். நல்ல கை எவ்வளவு, வீங்கின கை எவ்வளவு, அனுமதித்த வித்தியாசம் எவ்வளவு. அந்த வித்தியாசத்தை நானே நிர்ணயித்திருந்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கை வரம்பைத் தாண்டிவிட்டது. ஒரு பாகம் வரம்பு தாண்டினால் அதைக் கழித்துக்கட்டிச் சிவப்புப் பெட்டியில் போடுவோம். எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணில் நின்றது. தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சிஸ்டர் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். “கையெழுத்து நல்லாருக்கு” என்றார். “உடம்புல வேற எங்கயாவது தடிப்பு இருக்கா?”

“இல்ல.”

“உதடு? வயிறு? தலை சுத்துதா?”

“இல்ல. ஆனா மூச்சு வேகமா வருது. விரல் நுனியெல்லாம் ஜிவ்வுனு இருக்கு.”

“ஓடி வந்தீங்களா?”

“ஆமா.”

“அது ஓடுனதும் பயமும். நல்லாக் கேட்டுக்கிடுங்க. கையில கொட்டி கை வீங்குனா, எம்புட்டு வீங்குனாலும், ஈரத்துணியச் சுத்திக்கிட்டு வேலையப் பாருங்க. மாத்திரை தாரேன். நாலஞ்சு நாள்ல வத்திரும். கையில கொட்டி உதடு வீங்குனாத்தான் கவலை. கையில கொட்டி வயித்தப் பெரட்டுனா, உடம்பு பூராத் தடிப்பு வந்தா, கண்ணு இருட்டுனா, அப்ப ஓடவும் கூடாது. அங்கனயே படுத்துக்கிட்டு ஆளு விட்டு என்னைக் கூப்பிடணும்.” வெர்னியரை என் பையில் திருப்பிச் செருகினார். “இத வச்சு இரும்ப அளங்க.”

நான் இன்னும் பேசிக்கொண்டே இருந்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவிக்கு யார் சொல்வது, எந்த ரயிலில் போய்ச் சொல்வது என்று வரிசையாகச் சொன்னேன். சிஸ்டர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பயந்தவன் நிறுத்தாம பேசுவான், தம்பி. நெசமாவே வந்தவனுக்குப் பேச்சு சுருங்கிக்கிட்டே வரும். நீங்க நல்லா இருக்கீங்க.”

என் வாயை யாரும் அவ்வளவு மரியாதையாக அவமானப்படுத்தியதில்லை.

தினமும் காலையில் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, ஊசிக்குழாயைக் கொதிக்க வைப்பது. இரண்டாவது, அலமாரியைத் திறந்து, கொட்டின விஷம் உடம்பெல்லாம் ஏறினால் போடுகிற அட்ரினலின் மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். பழுப்போ ரோஜா நிறமோ தட்டினால் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் ஊசி போட அவர் எழுதிக்கொடுத்த உத்தரவு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. “பூச்சி கிழமை பாத்தா வருது?” என்பார் சிஸ்டர். புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவனையும், “முன்னால எதாவது கொட்டியிருக்கா? அப்ப என்ன ஆச்சு?” என்று கேட்டுவிடுவார். கொட்டினால் ஆகாது என்று தெரிந்தவர்களின் மருத்துவ அட்டையில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். என் அட்டையைத் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறேன். கோடு இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘நிறையப் பேசுவார்’ என்று இருந்தது.

நிஜமான ஒன்றை அவர் அறையில் நான் பார்த்தது ஒரே தடவை. சோலாப்பூர்க்கார வெல்டர் ஒருவர். பைப்புக்குள் கூடு கட்டியிருந்த குளவி கழுத்தில் கொட்டிவிட்டது. நான் எறும்புக்கடிக்காக ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தேன். வெல்டர் நின்றபடியே, “போன வருஷம் ஊர்ல மூணு கொட்டுச்சு, ஒண்ணும் ஆகலை. விடுங்க பாயி, வேலை கிடக்கு” என்றார் ஹிந்தியில். சிஸ்டர் அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்: “போன தடவை ஒண்ணும் ஆகலைங்கதுல தைரியம் இல்லை. போன தடவைதான் உடம்பு அத அடையாளம் பாத்து வச்சிருக்கும்.”

வெல்டர் முதலில் நன்றாகத்தான் பேசினார். பிறகு உள்ளங்கையைச் சொறிந்தார். பிறகு கழுத்திலிருந்து மார்பு வரை தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்காமல் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். சிஸ்டர் அதற்குள் குப்பியை உடைத்துவிட்டார். தொடையில் ஊசி. படுக்கவைத்துக் காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார். வெல்டர் எழுந்திருக்கப் பார்த்தபோது மார்பில் கைவைத்து அழுத்தி, “உட்டோ மத்” என்று ஒரே அதட்டல். கம்பெனி வேன் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனார், ஒருநாள் முழுக்க அங்கே வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இதையெல்லாம் நான் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஊசியைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது என் காலும் ஒரு ஸ்டூல் மேல் இருந்தது.

“இங்கன ரெண்டு ஸ்டூல்தான் இருக்கு” என்றார் சிஸ்டர். “இனிமே ஒருத்தரும் விழாதீங்க.”

அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார். விஷ்ராந்த்வாடி வீட்டில் கொய்யா மரத்தடியில் துணி காயப்போடும்போது ஒரு தேனீ. உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, கண் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். அடுத்தது இதைவிட மோசமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதிலிருந்து அவர் கைப்பையில் ஒரு சோப்பு டப்பா. அதில் பஞ்சு சுற்றி இரண்டு அட்ரினலின் குப்பி, குப்பிக் கழுத்தை அறுக்கச் சின்ன அரம், ஊசி. வெளியே தெரிந்தால் நர்ஸுக்கே இப்படியா என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

“எங்கிட்ட மட்டும் ஏன் சிஸ்டர் சொல்றீங்க?”

“நீங்கதான இங்கன எப்பவும் கெடக்கீங்க” என்றார்.

இனி அந்தப் பூமாலை விஷயத்துக்கு வர வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தசராவுக்கு முதல் நாள் கம்பெனியில் இயந்திர பூஜை. லேத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் கேந்திப்பூ மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பேடா கொடுப்பார்கள். சிஸ்டரின் கொதிக்கவைக்கிற பாத்திரமும் இயந்திரம்தானே என்று அதற்கும் ஒரு மாலை. சிஸ்டர் மறுக்கவில்லை. “தண்ணி கொதிக்கிற சட்டிக்கு மாலை போட்டா எந்தச் சாமிக்கும் கோவம் வராது.” ஆனால் கொய்யா மரத்துச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு நிபந்தனை போட்டார். வாசலுக்கு வெளியே நின்று மாலையை மூன்று தரம் நன்றாக உதறிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். ஏன் என்று சொல்லவில்லை. பாட்டீல் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தான். கிறிஸ்தவர்கள் மாலையை அப்படித்தான் வாங்கிக்கொள்வார்கள், அது அவர்கள் சாஸ்திரம். வருஷாவருஷம் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, பயபக்தியோடு மூன்று தரம் உதறி, மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போவான். பூ வண்டியிலிருந்து கூடவே வந்த தேனீ ஒன்றிரண்டு பறந்து போகும். மற்றவர்கள் பின்னால் கைகூப்பி நிற்பார்கள். நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு வருஷம் பாட்டீல் ஊருக்குப் போயிருந்தான். மாலையை என் கையில் கொடுத்தார்கள். ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் பேடா பெட்டி, வாயில் ஒரு முழுப் பேடா. போகிற வழியில் சிஸ்டரிடம் சொல்ல ஒரு ஜோக்கைத் தயார் செய்துகொண்டே போனேன். என்ன ஜோக் என்று இன்று நினைவில்லை.

“உதறிட்டீங்களா?” என்று சிஸ்டர் கையை நீட்டினார்.

வாயில் பேடா. தலையை ஆட்டினேன்.

அவர் மாலையை வாங்கினார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். மாலையை ஜன்னல் வழியாக வெளியே போட்டார். உள்ளங்கையை என் பக்கம் நீட்டி, “ஸ்கேல்” என்றார்.

சுரண்டினேன். முதல் சுரண்டு தப்பியதும் அவர்தான் என் கையைப் பிடித்து விளிம்பைச் சரியாக வைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “வேன வரச்சொல்லுங்க. கதவத் திறந்தே வைங்க. நான் நிக்கக் கூடாது.” தானே போய்க் கட்டிலில் படுத்து, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டார்.

வாசலில் நின்று வேனுக்குக் கத்திவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. “காலையில என்ன சாப்பிட்டீங்க சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“இட்லி” என்றார். “ரெண்டு. தக்காளிச் சட்னி வச்சேன். அவருக்கு உப்பு கூடுதலுன்னு...” உள்ளங்கையைப் புடவையில் தேய்த்தார். “கழுத்தப் பாருங்க.”

பார்த்தேன். காதுக்குக் கீழே தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன.

“இருக்கு. பேசுங்க சிஸ்டர். அப்புறம்?”

“அவருக்கு உப்பு...” செருமினார். அந்தச் செருமலை எனக்குத் தெரியும். “டப்பா.”

கைப்பையிலிருந்த சோப்பு டப்பாவைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தேன். அலமாரி பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் குப்பியின் கழுத்தைக் காட்டினார். அரத்தால் ஒரு கோடு போட்டு ஒடிக்க வேண்டும். சிஸ்டர் ஒடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் இரும்போடு புழங்குகிற கை என்னுடையது. அழுத்தினேன். குப்பி மொத்தமும் என் விரல்களுக்குள் நொறுங்கியது. மருந்தும் என் ரத்தமும் தரையில் சொட்டின.

சிஸ்டர் இரண்டாவது குப்பிக்குக் கையை நீட்டினார். படுத்தபடியே அரத்தைப் போட்டு, பஞ்சை வைத்து ஒடித்து, உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, புடவைக்கு மேலேயே தொடையில் குத்திக்கொண்டார். ஊசியை எடுத்தபின் கை கீழே விழுந்தது. உதடு தடித்திருந்தது. பேச்சு வரவில்லை.

வேன் வருகிறவரை நான்தான் பேசினேன். மாமனாரை மறுபடியும் லோனாவ்லாவுக்கு அனுப்பினேன். அவர் கண் என் வாயிலேயே இருந்தது. மலை வந்தது, பனி வந்தது, சிக்கி வந்தது. மாமனார் திரும்பி வருகிற இடத்தில் அவர் குரல் வந்தது. கரகரப்பாக, ஆனால் வந்தது. “பேசாதீங்க” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பகலும் ஓர் இரவும் வைத்திருந்தார்கள். மறுநாள் மானேஜரோடு பார்க்கப் போனோம். என் விரலில் கட்டு. உடைந்த குப்பியும் கட்டும் சேர்ந்து, ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றினவன் நான் என்று கம்பெனி முழுக்கப் பேச்சாகியிருந்தது. மானேஜர் அதை சிஸ்டரிடமே சொன்னார். சிஸ்டர் மறுக்கவில்லை. என்னைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டார்.

“தம்பி, மாலைய உதறுனீங்கல்லா?”

“உதறினேன் சிஸ்டர்” என்றேன். “வாசல்லயே நின்னு மூணு தரம் உதறினேன். நாலு தரம்கூட இருக்கும். ஒரு தேனீ பறந்துகூடப் போச்சு, நானே பாத்தேன், ஆனா பூ பாருங்க நெருக்கமாக் கட்டியிருந்தான், இந்த வருஷம் பூக்காரன் வேற ஆளு, அந்தப் பழைய ஆளு கட்டினா இப்படி ஆகியிருக்காது, அவன் கட்டுறதே தனி...”

சிஸ்டர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, “அப்புறம்?” என்றார்.

அப்புறம் ஒன்றும் இல்லை. அவர் திரும்ப ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை அதே அறையில் இருந்தார், அதே மாதிரி எல்லாரையும் பேசவைத்தார். யூனியன் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து சிஸ்டர் கை தட்டினார். அடுத்த தசராவுக்கு மாலையோடு வந்த பாட்டீலை வாசலிலேயே நிறுத்தி, ஒரு பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு குச்சியால் மாலையை வாங்கி, தள்ளிப் போய்த் தானே உதறினார். சாஸ்திரம் மாறிவிட்டதா என்று பாட்டீல் என்னைக் கேட்டான்.

நடந்தது இதுதான். ஊசியை அவரே போட்டுக்கொண்டார். மாலையை நான் உதறவில்லை.